சப்போர்ட் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. மறுநாள் காலை அந்தக் கம்ப்யூட்டர்கள் வழக்கம்போலத் திறந்தன. பாஸ்வேர்டு கேட்டன, பாட்டுப் பாடின, பிரிண்ட் எடுத்தன. "என்னவோ ஆகும் என்றார்களே, ஒன்றும் ஆகவில்லையே" என்று அறிவிப்பை மூடிவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். சிக்கலே அதுதான். ஏதாவது ஒன்று அன்றைக்கே உடைந்திருந்தால் உடனே சரிசெய்திருப்போம். எதுவும் உடையாததால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போடுகிறோம்.

அப்படித் தள்ளிப்போட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10-ஐ முன்னால் வைத்துப் பேசினாலும், விண்டோஸ் 7, 8.1, பழைய மேக் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை ஒன்றுதான். அந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி, சில சமயம் வரவே தேவையில்லாத கேள்வி.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகளால் ஆன நிரல். அதில் ஓட்டைகள் இருக்கும். மாதாமாதம் புதிதாகச் சில கண்டுபிடிக்கப்படும், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அவற்றை அடைக்கும் பேட்ச்களை வெளியிடும். நாம் "அப்டேட் வந்து உயிரை வாங்குகிறது" என்று திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆதரவு முடிந்த பிறகு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது நிற்காது, அடைப்பது மட்டும் நின்றுவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே ரத்தம். 11-இல் ஓர் ஓட்டை அடைபட்டால் அது 10-இலும் இருக்க வாய்ப்பு அதிகம். திருடர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பேட்ச் வருவதற்கு முன்பிருந்த கோப்பையும் பிறகு வந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்திருக்கிறது. ஆக, புதியதற்குப் போடும் ஒவ்வொரு ஒட்டும் பழையதை உடைக்க வரைபடம் ஆகிவிடுகிறது. முதல் வாரத்தில் ஆபத்து குறைவு. அப்புறம் அது வட்டிபோல ஏறிக்கொண்டே போகும்.

2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற பணம்பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே பேட்ச் வந்துவிட்டது, ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலேயே முடிந்திருந்ததால் அதற்கு வரவில்லை. வைரஸ் பரவத் தொடங்கிய பிறகு, விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் வெளியிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று அடிபட்டவற்றில் மிகப் பெரும்பகுதி எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, பேட்ச் இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. எனவே புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டு அப்டேட்டை அணைத்து வைப்பவரும் இதே படகில்தான் இருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. இயங்குதளத்தைத் தயாரித்தவர் விலகிய பிறகு மற்ற மென்பொருள்காரர்களும் ஒவ்வொருவராக விலகுவார்கள். எக்ஸ்பிக்கான குரோம் 2016-இல் நின்றது. விண்டோஸ் 7, 8.1-க்கு 2023-இல் வந்த குரோம் 109 தான் கடைசி, ஃபயர்ஃபாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்பு) கடைசி. பிரவுசர் பழசானால் வங்கித் தளம் திறக்காது, மெயில் முரண்டு பிடிக்கும், வெளியிலிருந்து வரும் அழுக்கெல்லாம் நேராக அதன் வழியாகத்தான் வரும். என் கணக்கில், இயங்குதளத்தின் ஆதரவு முடியும் நாள் முதல் மணி, பிரவுசரின் ஆதரவு முடியும் நாள் கடைசி மணி. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காலத்தில் வேலையை முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை: எதையும் முடிவு செய்யாமல் பிரதி எடுப்பது

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்தேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். பழையதை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டேன். மறுநாள் போன். "டேய், கணக்கு புரோகிராமைத் திறந்தா ஒண்ணுமே இல்லையேடா?" அந்த மென்பொருள் தன் தகவல்களை டாக்குமென்ட்ஸில் வைக்காமல், சி டிரைவில் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான்கு வருடக் கணக்கு. நல்லவேளை, சித்தப்பா எதையும் பிரிண்ட் எடுத்து வைக்கும் பழைய ஆள். மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் "நீ உன் பொருளை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்பேன். கணக்கு மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மெயிலை அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவற்றில் இறக்கிப் படிப்பவர் என்றால் அந்த மெயில் கிடங்கு மறைந்திருக்கும் ஃபோல்டரில் இருக்கும். பிரவுசரின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டுகள் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யலாம். பாஸ்வேர்டு கோப்பு யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண், வைஃபை பாஸ்வேர்டு, பிரிண்டர், ஸ்கேனரின் மாடல் எண் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆம், தாளில்.

பழைய தமிழ் எழுத்துருக்களையும் மறந்துவிடாதீர்கள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பைக் கையோடு பிரதி எடுங்கள். நேரம் இருந்தால் முக்கியமான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு.

மைக்ரோசாஃப்ட்டின் இணையக் கிடங்கான ஒன்டிரைவ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது ஒத்திசைவு, பேக்கப் அல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தவிர, கோப்பின் பக்கத்தில் சின்ன மேகக் குறி தெரிந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்கில் இல்லவே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றி எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

பிரதி இரண்டு இருக்கட்டும். அதில் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்தே பாருங்கள். ஒரு படம், ஒரு நீளமான ஆவணம், ஒரு எக்செல், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். இதற்குப் பெயர் பிட்லாக்கர், அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன். பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலின் அமைப்புகளில், ஏதாவது மாற்றினால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே லாகின் செய்து எடுத்து எழுதி வையுங்கள். கேட்ட பிறகு தேடினால் வேர்த்துவிடும்.

கையில் இருப்பது என்ன?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட். புராசஸரின் பெயர், ரேம் அளவு, விண்டோஸின் பதிப்பு மூன்றும் அங்கேயே தெரியும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் எஸ்எஸ்டியா, சுழலும் ஹார்ட் டிஸ்கா என்று போட்டிருக்கும். இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் ஏறவிடும் ஏற்பாடு) வசதி வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். தடுப்பது புராசஸர்தான். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்தான் பட்டியலில் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு செயலியை இறக்கி ஓடவிட்டால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

அது "இல்லை" என்று சொன்னால் காரணத்தையும் படியுங்கள். டிபிஎம் இல்லை என்று மட்டும் வந்தால், பல சமயம் அது இருக்கும், பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால் கதை மாறலாம். புராசஸரே பழசு என்று வந்தால் மட்டும்தான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

தகுதி இருந்தால்

இதில் பேச அதிகம் இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் விண்டோஸ் 11 காத்திருக்கும், கட்டணம் கிடையாது. சார்ஜரைச் செருகிவிட்டு, அவசர வேலை இல்லாத ஒரு நாளில் தொடங்குங்கள். கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்ப செட்டிங்ஸிலேயே வழி உண்டு. அதற்குள் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு தடவை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

தகுதி இல்லாத கம்ப்யூட்டரில் குறுக்குவழியாக 11-ஐ ஏற்றும் வித்தைகளும் இருக்கின்றன. வேலை செய்யும்தான். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, வருடாந்திரப் பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே வித்தையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது மிகப் பழைய புராசஸர்கள் சில அடியோடு கழன்றுகொண்டன. கையைக் காலை வைத்துப் பார்க்கும் ஆர்வலர்களுக்கு இது பொழுதுபோக்கு. ஒருவரின் அன்றாட வேலைக் கம்ப்யூட்டரில் நான் செய்து தர மாட்டேன்.

மூச்சுவிட நேரம் வாங்குவது

விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திட்டம் உண்டு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தாலோ, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுத்தாலோ, ஒருமுறைக் கட்டணம் செலுத்தினாலோ 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச்கள் வரும். புதிய வசதிகள் வராது, உதவி கேட்கவும் ஆள் கிடையாது. தகுதி இல்லாத கம்ப்யூட்டர் வைத்திருந்து இன்னும் முடிவெடுக்காத எவரும் முதலில் இதில் சேர்ந்துவிட வேண்டும் என்பேன். ஆனால் சேர்ந்த கையோடு காலண்டரில் அந்த வருடத்து ஜூன் மாதத்தில் ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள், செப்டம்பரில் அல்ல. கடைசி மாதத்தில் செய்யும் மாற்றம் எப்போதும் கோணலாகத்தான் முடியும்.

மாற்றுவது தாமதமாகும் என்றால் இடைக்காலத்தில் சில வேலைகள். அன்றாடம் நுழையும் கணக்கை அட்மின் அல்லாத சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். பல தீம்பொருள்களின் பல்லைப் பிடுங்க இது ஒன்றே போதும். வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க வழிவிடும் ரிமோட் டெஸ்க்டாப்பை அணையுங்கள். ஃபிளாஷ் பிளேயர், பழைய ஜாவா, பெயரே மறந்துபோன டூல்பார்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பரிலேயே செத்துவிட்டது, பல கம்ப்யூட்டர்களில் இன்னும் அதன் பிணம் கிடக்கிறது. மெயிலுக்கும் வங்கிக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணப் பரிமாற்றத்தை அப்டேட் வரும் போனுக்கோ வேறு கம்ப்யூட்டருக்கோ மாற்றுங்கள்.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். விண்டோஸ் 10-இல் கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அது வாசலில் நின்று முகம் பார்த்து விடும் காவலாளி. பின்சுவர் இடிந்து கிடந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸ்: பயமுறுத்தும் பெயர், சாதுவான ஆள்

புராசஸர் பழசு, மற்றபடி கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் செய்வதும் பிரவுசர், மெயில், ஆவணம், படம் பார்ப்பது மட்டும்தான் என்றால் எனக்குப் பிடித்த வழி லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம். அதன் பல வகைகளில் புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டைச் சொல்வேன். திரையின் கீழே மெனு, பட்டை, கடிகாரம் எல்லாம் விண்டோஸ் பழகியவர் எதிர்பார்க்கும் இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, கூடுதலாக இருந்தால் சினமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 32 பிட் புராசஸர் மட்டுமே உள்ள மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் அதைப் பெரும்பாலான லினக்ஸ்களும் கைவிட்டுவிட்டன, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நிறுவுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் அழகு. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள். அதோடு தரப்படும் சரிபார்ப்பு எண்ணை, இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சோம்பேறித்தனமாக இருக்கும், செய்யுங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள் நுழைந்த ஒருவர், பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றி வைத்த சம்பவமே நடந்திருக்கிறது. பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற செயலி கொண்டு கோப்பைப் பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் திறக்காது.

பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அந்தந்தக் கம்பெனி வைத்திருக்கும் பொத்தானைத் தட்டித் தட்டி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்குள் போங்கள். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வரும். உங்கள் டிஸ்கை அது தொடுவதில்லை. வேகம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், பென்டிரைவில் ஓடுவதால்தான்.

இப்போது அவசரப்பட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் பொத்தானை அமுக்க வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா? சத்தம் வருகிறதா? மூடியை மூடித் திறந்தால் எழுந்துகொள்கிறதா? வெளிச்சம் கூட்டும் பொத்தான்கள்? வீடியோ அழைப்பில் கேமராவும் மைக்கும்? பிரிண்டர் ஒரு பக்கம் எடுக்கிறதா? நீங்கள் தினமும் போகும் தளங்கள்? அலுவலக வேலைக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர் என்றால் அதைக் கண்டிப்பாகச் சோதியுங்கள், பலர் கவிழ்வது அங்கேதான். ஒரு வாரம் விட்டு விட்டு இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் வருத்தம் இருக்காது.

நிறுவும் நேரத்தில் எல்லோரும் தயங்கும் கேள்வி, "பழையதை அழித்துவிட்டுப் போடவா, பக்கத்தில் போடவா?" ஒரே டிஸ்கில் இரண்டையும் வைப்பது நடைமுறையில் சாத்தியம்தான், ஆனால் புதியவருக்கு நான் சொல்வது வேறு. ஒரு புதிய எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வையுங்கள். புதியதில் மின்ட்டைப் போடுங்கள். ஏதாவது சரிப்படவில்லை என்றால் பழையதைத் திரும்ப மாட்டினால் நேற்றைய கம்ப்யூட்டர் அப்படியே திரும்பிவிடும். எந்தப் பேக்கப்பும் தராத நிம்மதி இது. அதோடு, அதுவரை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஓடிய கம்ப்யூட்டர் என்றால், எஸ்எஸ்டி மாட்டியதும் "இது என் கம்ப்யூட்டர்தானா?" என்று கேட்பீர்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் நேரடியாக ஓடாது. லிப்ரே ஆஃபீஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும், ஆனால் அட்டவணையும் பக்க அமைப்பும் இங்கும் அங்கும் நகரலாம். ஃபோட்டோஷாப் கிடையாது. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளும் கிடையாது. அதில்தான் உங்கள் பிழைப்பு என்றால், இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி விசைப்பலகைகள் வந்துவிடும். விண்டோஸில் பழகிய அதே விரலோட்டம் தொடரும். முதல் இரண்டு நாள் மொழி மாற்றும் பொத்தானைத் தேடுவீர்கள், அவ்வளவுதான்.

நிறுவி முடித்த அன்றே அப்டேட் மேனேஜரை ஒருமுறை ஓடவிடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியையும் அமைத்துவிடுங்கள். ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். அது காப்பது இயங்குதளத்தை மட்டும்தான், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அல்ல. அதற்கு வெளி டிஸ்க் பேக்கப் எப்போதும்போல வேண்டும்.

பிரவுசரைத் தாண்டி வேறு எதையும் தொடாதவர்களுக்கு குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்று கூகுள் தருவதும் உண்டு. இன்னும் எளிது. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது, கூகுள் சோதித்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. ஆப்பிள் முடிவுத் தேதியை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. வழக்கத்தில், நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தைய இரண்டும் பாதுகாப்பு அப்டேட் பெறும். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26, அதாவது தஹோ, தான் கடைசிப் பதிப்பு. பழைய இன்டெல் மேக்குகளில் பலவற்றில் லினக்ஸ் மின்ட்டும் நன்றாக ஓடும், வைஃபைக்கு மட்டும் தனியாக டிரைவர் (கருவியை இயக்கும் சிறு நிரல்) போட வேண்டி வரலாம்.

வேறு கம்ப்யூட்டருக்கே போவதென்றால்

பயன்படுத்திய கம்ப்யூட்டர் வாங்குவதில் தவறில்லை, புராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால். பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றிவிடும் முன் டிஸ்கை ஒழுங்காக அழியுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதோ, விரைவு ஃபார்மட்டோ போதாது, இலவச மீட்புக் கருவிகளே பாதியைத் திரும்ப எடுத்துவிடும். விண்டோஸின் ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் இயக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் பிரவுசர் கணக்கிலிருந்தும் அதை நீக்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

நெட் இல்லாமல் வாழ விடுவது

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு கருவிக்காகவோ ஒரே ஒரு புரோகிராமுக்காகவோ பழைய இயங்குதளம் வேண்டியிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரித்து வைத்துவிடலாம். என்னிடம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர் உண்டு. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, நெகட்டிவ்களை இன்றைக்கும் துல்லியமாக எடுக்கும். விண்டோஸ் 7-க்குப் பிறகு அதற்கு டிரைவர் வரவில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன், புதிய மாடல் வாங்கச் சொல்லி அன்பாகப் பதில் வந்தது.

எனவே ஒரு விண்டோஸ் 7 லேப்டாப்பை அதற்கென்றே ஒதுக்கினேன். டிவைஸ் மேனேஜரில் வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் முடக்கினேன். வைஃபையை வெறுமனே துண்டித்தால் போதாது, யாராவது ஆசையில் மறுபடி இணைத்துவிடுவார்கள். ரவுட்டரிலும் அதன் பெயரைத் தடுத்தேன். பென்டிரைவ் செருகியதும் தானாக எதையும் ஓட்டும் ஆட்டோபிளேயை அணைத்தேன். படங்களை வெளியே கொண்டுவர ஒரே ஒரு பென்டிரைவ், அது வேறு எந்த வேலைக்கும் போகாது. வெளியே வந்ததும் முதலில் அப்டேட் ஆன கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை, அப்புறம்தான் படம். முழு டிஸ்கின் நகல் ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த டிரைவர் நிறுவும் சிடி இனி கிடைக்காது என்பதால்.

திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன்: "இதில் நெட் போடக் கூடாது. ஸ்கேன் மட்டும்." வீட்டுக்கு வருபவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். போன வாரம் ஒரு பெட்டி நெகட்டிவ் முடித்தேன், இன்னும் மூன்று பெட்டி பாக்கி.